பத்துமா? பற்றும்!

கொச்சியில் மலையாளம் தெரியாத தமிழனுக்கு ஓர் ஆபத்தும் கிடையாது. கையைக் காட்டுவான், முழிப்பான், நாலு பேர் கூடி வழி சொல்லி அனுப்பிவைப்பார்கள். மலையாளம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற தமிழன் இருக்கிறானே, அவனுக்குத்தான் ஆபத்து. அவனுக்கு யாரும் உதவ முடியாது. ஏனென்றால் அவன் யாரையும் கேட்க மாட்டான். நான் அந்த இரண்டாவது ரகம்.

என் மனைவி சுப்பு மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள். மலையாளத்தில் கதைப் புத்தகம் படிப்பாள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். நான் தென்காசிப் பக்கம். கல்யாணமான கையோடு, மாமனாரின் மாவு வியாபாரத்துக்கு ஒத்தாசையாக இங்கே வந்து சேர்ந்தேன். (வீட்டோடு மாப்பிள்ளை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அதனாலேயே எல்லாரும் சொல்வார்கள்.) கொச்சங்காடியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் முன்பாதிதான் எங்கள் கடை. இட்லி மாவும் தோசை மாவும் ஆட்டி, டிரம்களில் நிரப்பி, எர்ணாகுளத்து ஹோட்டல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம்.

மாமா நல்ல மனிதர். ஒரே ஒரு பழக்கம்தான். கோபம் வந்தால் என்னிடம் நேராகப் பேச மாட்டார். மருமகனைத் திட்டக் கூடாது என்பது அவர் வளர்ந்த முறை. அதனால் கிரைண்டரைப் பார்த்துப் பேசுவார். "இங்க சில பேருக்கு அரிசி எது உளுந்து எதுன்னே தெரியல" என்பார் கிரைண்டரிடம். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். நான் வந்த புதிதில் அவர் என்னிடம் பேசியதைவிட அந்தக் கிரைண்டரிடம் பேசியதுதான் அதிகம்.

அந்தச் சமயம் பார்த்து எனக்கு மாற்று எரிபொருள் பைத்தியம் பிடித்தது. போனில் அந்த வீடியோ, இந்த வீடியோ என்று பார்த்துப் பார்த்து, டீசல் என்ற சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்துகிற நிலைக்கு வந்துவிட்டேன். மாமாவிடம் இருந்ததோ ஒரு பழைய டீசல் பெட்டி ஆட்டோ. (பின்னால் பெட்டி வைத்த சரக்கு ஆட்டோவுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர்.) அதைக் கிளப்பினால் தெருவில் தூங்குகிறவன் எழுந்துவிடுவான், எழுந்திருக்கிறவன் இருமுவான். ஆனால் ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை. இந்தக் கடைசி விஷயம் எனக்கு அப்போது முக்கியமாகப் படவில்லை.

"மாமா, சிப்ஸ் கடையில வாழைக்காய் பொரிச்ச பழைய எண்ணெய் இருக்குல்லா, அதைச் சுத்தம் பண்ணி டீசல் வண்டிக்கு ஊத்துறாங்களாம்" என்றேன் ஒருநாள்.

மாமா அரிசி களைந்துகொண்டே சொன்னார்: "ஊத்தலாம் மருமவனே. வண்டி முன்னால போவும். ஊர்ல உள்ள நாயெல்லாம் பின்னால வரும்."

"ஹைட்ரஜன்னு ஒண்ணு வருது மாமா. தண்ணியிலேருந்தே எடுக்காங்களாம்."

"அப்ப நம்ம ஊரு மழைக்கு வண்டி நிக்கவே நிக்காதுன்னு சொல்லுங்க."

சரி, சி.என்.ஜி.யையாவது பார்ப்போம் என்று அவரை நச்சரித்து ஒரு பங்குக்கு அழைத்துக்கொண்டு போனேன். அங்கே நின்ற வரிசையின் தலை பங்கில் இருந்தது, வால் எங்கே இருந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆட்டோக்காரர்கள் வண்டிக்குள்ளேயே காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். மாமா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு சொன்னார்: "இதுல நின்னா மாவு புளிச்சு, வெயில்ல இட்லி தானா வெந்து வந்துரும். மாவு யாருக்கும் காத்திருக்காது மருமவனே."

மாமாவுக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் அளவுகோல் மாவுதான். கப்பல் லேட்டாக வந்தாலும், மந்திரி லேட்டாக வந்தாலும் இதே வாக்கியத்தைச் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும். உலகம் எங்கேயோ போகிறது, இவர் மாவிலேயே நிற்கிறாரே என்று நினைப்பேன். கடைசியில் மாவில் நின்றது யார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கடைசி மச்சினி கோமதிக்கு மதுரையில் மாப்பிள்ளை முடிவானது. பரிசம் போட வந்தபோது, மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர், பெரிய மீசை, எங்கள் வீட்டில் காபியை வாங்கிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்: "கேரளாவுல எல்லாம் நல்லாத்தேன் இருக்கு. தோசைதேன் வாயில வைக்க வெளங்கல. நனைச்ச துணி மாதிரியில்ல இருக்கு!"

முப்பது வருடமாக எர்ணாகுளத்துக்கே தோசை மாவு ஆட்டிப் போடுகிற மனிதரின் வீட்டில் உட்கார்ந்து சொல்கிற பேச்சா இது? மாமா மெல்லத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"சம்பந்தி, கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தேவரா மண்டபத்துல வரவேற்பு வச்சிருக்கு. அங்க தோசைக் கல்லு போடுதேன். என் மாவுல ஊத்துன தோசையத் தின்னுட்டு இதே வார்த்தையச் சொல்லுங்க. நான் மாவு ஆட்டுததையே விட்டுருதேன்."

விளையாட்டாகச் சொன்னார் என்று எல்லாரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து உளுந்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு டிரம்மைத் தூக்கியிருக்க வேண்டும். நான் எர்ணாகுளத்துக்குப் போய் எலக்ட்ரிக் பெட்டி ஆட்டோ விற்கிற கடையில் நின்றேன்.

அங்கே சிஜோ என்று ஒரு விற்பனைப் பையன். வண்டியை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள் என்றான். வெள்ளை வெளேரென்று வண்டி. சத்தமில்லை, புகையில்லை. சுப்பு, "நானும் வர்றேங்க, என்னா ஏதுன்னு மலையாளத்துல கேட்டுக்கலாம்" என்று சொல்லியிருந்தாள். "எனக்கே தெரியும், மலையாளம் என்ன பெரிய வித்தையா? தமிழைக் கொஞ்சம் மூக்கால பேசினா மலையாளம்" என்று அவளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். (இந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை. மூக்கு அடைத்துக்கொண்டு எனக்குச் சளி பிடித்தால், "இப்ப மலையாளம் நல்லா வருமே" என்பாள்.)

சிஜோவிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான். "ஹோட்டல் ஹோட்டலா சுத்திட்டு வர்றதுக்கு சார்ஜ் பத்துமா?"

"பற்றும் சேட்டா, பற்றும்! தைரியமாயிட்டு எடுத்தோ."

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் ஊரில் 'பத்தும்' என்றால் போதும், காணும், குறைவு வராது என்று அர்த்தம். மலையாளத்தில் 'பற்றும்' என்றால் முடியும், செய்யலாம் என்று அர்த்தம். எழுதினால்தான் இரண்டும் வேறு வேறு. என் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தது. நான் "சார்ஜ் போதுமா?" என்று கேட்டேன். அவன் "சார்ஜ் செய்யலாமா?" என்று நான் கேட்பதாக எடுத்துக்கொண்டு, தாராளமாகச் செய்யலாம் என்று பதில் சொன்னான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து மனம் நிறைந்து சிரித்தோம். இப்படிப்பட்ட சிரிப்பைப் பார்த்தால் யாராவது ஓடி வந்து தடுக்க வேண்டாமா? ஒருத்தரும் வரவில்லை.

வண்டி வந்தது. அதோடு வினையும் வந்தது. எங்கள் கிடங்குக் கட்டிடத்து வயரிங் யார் காலத்தில் போட்டதோ தெரியாது. கிரைண்டர் ஓடும்போது வண்டியைச் சார்ஜில் போட்டால், டப்பென்று ட்ரிப் ஆகி இரண்டும் நின்றுவிடும். ஒன்று மாவு ஆட்ட வேண்டும், இல்லையென்றால் வண்டிக்குச் சோறு போட வேண்டும். மாமா கிரைண்டரைப் பார்த்து, "ஒனக்குச் சக்களத்தி வந்துட்டா" என்றார். கிரைண்டர் ஓடாத நேரம் பார்த்து இரவில்தான் சார்ஜ் போட்டேன். இரவில் போட்டால் காலையில் வண்டி ஜம்மென்று ஓடியது, அதையும் சொல்ல வேண்டும். அந்த ஜம்தான் என் கண்ணை மறைத்தது.

வரவேற்பு நாள் வந்தது. விடிந்ததும் வழக்கம்போல ஹோட்டல்களுக்கு மாவு போட்டேன். போட்டவன் நேராக வீட்டுக்கு வந்திருக்கலாம். வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்த என் சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு, சத்தமே வராது பார், புகையே வராது பார் என்று கடற்கரை வரைக்கும் சுற்றிக் காட்டிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் சார்ஜ் அடிமட்டத்தில் இருக்கிறது. கடையிலோ, சாயங்காலத்துக்குள் பொங்கட்டும் என்று நேற்றைய புளித்த மாவைக் கலந்து, கல்யாண மாவு ஆடிக்கொண்டிருக்கிறது. கிரைண்டரை நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்குமா?

"மாமா, டீசல் வண்டிய ஆலுவாவுக்கு அனுப்பி வாழையிலை எடுத்துட்டு வரச் சொல்லுவோம். மாவை நான் நம்ம புது வண்டியில கொண்டு வந்துருதேன்" என்றேன். (இது திட்டமிட்ட சதி. டீசல் வண்டி வாசலில் நின்றால் மாமா அதில்தான் மாவை ஏற்றுவார் என்று எனக்குத் தெரியும்.)

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். "பத்திரமா வந்து சேந்துருமா?"

"நீங்க மண்டபத்துக்குப் போங்க மாமா. மாவு உங்களுக்கு முன்னால அங்க நிக்கும்."

"மூடிய இறுக்கிராதீங்க. மாவு மூச்சு விடணும். வெயில்ல நிறுத்திராதீங்க."

இவ்வளவுதான் அவர் சொன்னது. ஆலுவாவுக்கு டீசல் போனது. எல்லாரும் பட்டு உடுத்தி மண்டபத்துக்குப் போனார்கள். மாவு ஆட்டி முடித்து, கிரைண்டர் ஓய்ந்த பிறகு வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு சிஜோவுக்குப் போன் செய்தேன். "ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டா தேவரா போக பத்துமா?"

"பற்றும் சேட்டா!"

ஒரு மணி நேரம் மட்டும் சார்ஜ் போடலாமா என்றால், போடலாம்தானே? அரை மணி நேரம்கூடப் போடலாம். யார் வேண்டாம் என்றது? அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

டிரம்களை ஏற்றினேன். புது வண்டி, மாவு சிந்திவிடுமே என்று எல்லா மூடிகளையும் நன்றாக இறுக்கினேன். முழங்காலை வைத்து அழுத்தி இறுக்கினேன். மாமா சொன்னதெல்லாம் பழைய காலத்து டிரம்முக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தோப்பும்படிப் பாலத்தில் ஏறும்போதே வண்டி முனகியது. இறங்கி வெலிங்டன் தீவுக்குள் நுழைந்ததும், டேஷ்போர்டில் இருந்த சின்ன பேட்டரிப் படம் சிவப்பாகி, கண்ணைச் சிமிட்டி, அணைந்துவிட்டது. வண்டி ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றது. டீசல் வண்டி என்றால் இருமும், குலுங்கும், நாலு தடவை எச்சரிக்கும். இது சத்தமில்லாத வண்டி. சாகும்போதும் சத்தமில்லை.

தீவில் அந்த இடத்தில் ஒரு பக்கம் துறைமுகக் கிடங்குச் சுவர், இன்னொரு பக்கமும் கிடங்குச் சுவர். நடுவில் கன்டெய்னர் லாரிகள் நம்மைத் தாண்டிப் போகிற சாலை. ஒரு மரம்கூடக் கிடையாது. நல்ல வெயில். நான் பட்டு வேட்டியில் நிற்கிறேன்.

போனில் தேடினேன். பக்கத்திலேயே ஒரு சார்ஜிங் பாயின்ட் இருப்பதாகக் காட்டியது. அடடா, உலகம் முன்னேறித்தான் இருக்கிறது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். வேட்டியை மடித்துக் கட்டி, தொப்பலாக வேர்த்துப்போய் அங்கே சேர்ந்தால், முதலில் ஆப்பைப் போடு என்கிறது. போட்டேன். பெயர் கேட்டது. ஈமெயில் கேட்டது. பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு விசித்திரக் குறி வேண்டும் என்றது. ஓ.டி.பி. வரும், காத்திரு என்றது. நான் கேட்கிறேன், பெட்ரோல் பங்கில் எவனாவது உன் அம்மா வைத்த பெயர் என்ன, உன் செல்லப் பிராணி எது என்று கேட்டானா? குழாயைத் தூக்குவான், அடிப்பான், போய்க்கொண்டே இருப்போம். இங்கே ஓ.டி.பி. வந்து சேர்ந்தபோது அதன் நேரம் முடிந்துவிட்டது என்றது.

எல்லாம் சரியாகி, குழாயைத் தூக்கினால், யானைத் தும்பிக்கை மாதிரி கனம். என் வண்டியின் ஓட்டையோ கொசு மூக்கு. வாட்ச்மேன் வந்து பார்த்துச் சொன்னார்: "சேட்டா, இது காறினு உள்ளதாணு. பெட்டி ஓட்டோக்கு பற்றில்லா."

"பத்தலைன்னாலும் பரவாயில்ல சேட்டா, இருக்கிறத ஏத்துங்க!" என்று நான் கெஞ்சினேன்.

(பெட்டி ஆட்டோவுக்கு இது பொருந்தாது என்றுதான் அவர் சொன்னார்.) அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குழாயை வாங்கி அது இருந்த இடத்திலேயே மாட்டினார். பாவம், பட்டு வேட்டி கட்டியவனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று நினைத்திருப்பார்.

மறுபடி தள்ளினேன். சற்றுத் தள்ளி ஒரு சாயாக்கடை. எல்லாரும் 'இக்கா' என்று கூப்பிடுகிற வயதான முஸ்லிம் ஒருவர் அங்கே சாயா ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "எந்து பற்றி?" என்றார்.

எது பற்றி என்று கேட்கிறாராக்கும் என்று, "எலக்ட்ரிக் வண்டி பற்றி" என்றேன்.

அவர் கொஞ்சம் குழம்பினார். ('எந்து பற்றி' என்றால் என்ன ஆச்சு என்று அர்த்தம். பின்னால் சுப்பு சொன்னாள்.) ஆனால் நல்ல மனிதர். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டார். சர்பத் வைத்திருந்த ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி என் ஒயரை மாட்டிக் கொடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. சும்மா உட்காரக் கூடாதே என்று ஒரு சாயா சொன்னேன். அப்புறம் இன்னொரு சாயா. வண்டிக்கு ஏறினதைவிட எனக்குள் ஏறின சார்ஜ்தான் அதிகம். பேட்டரிப் படம் மெல்லத் திரும்பவும் சிவப்பாகத் தெரிய ஆரம்பித்த நேரத்தில், தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது.

"கறண்டு போயி" என்றார் இக்கா.

அந்த நிமிடம்தான் பின்னால் 'டொப்' என்று ஒரு சத்தம். டயர்தான் வெடித்துவிட்டது என்று ஓடினேன். டயர் இல்லை. ஒரு டிரம்மின் மூடி வண்டிப் பெட்டியின் கூரையில் மோதிக் கீழே கிடந்தது. வெயிலில் காய்ந்த தகரப் பெட்டிக்குள் மூச்சு விட வழியில்லாமல் இருந்த மாவு, ஒரேயடியாக மூச்சு விட்டுவிட்டது. இன்னொரு 'டொப்'. வெள்ளை வெளேரென்று மாவு டிரம்மைத் தாண்டி வழிந்து, பெட்டியைத் தாண்டி வழிந்து, நம்பர் பிளேட்டை மூடிக்கொண்டு ரோட்டில் இறங்க ஆரம்பித்தது. நான் இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் திரும்பப் போட்டேன். போடப் போடப் பொங்கியது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு. மாமாவின் முப்பது வருட மானம் என் விரல் இடுக்கில் ஒழுகிக்கொண்டிருக்கிறது, மதுரைக்காரர் அங்கே மீசையைத் தடவிக்கொண்டு தோசைக்குக் காத்திருக்கிறார்.

இக்கா பக்கத்தில் வந்து நின்று, ஆழமாகத் தலையை ஆட்டிச் சொன்னார்: "சேட்டனு ஒரு அபத்தம் பற்றி."

இந்த நேரத்தில் அபத்தம் பற்றித் தத்துவம் பேசுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. (ஒரு தப்பு நடந்துபோச்சு என்று அவர் ஆறுதல்தான் சொன்னார்.)

போன் அடித்தது. சுப்பு. "எங்க இருக்கீங்க? தோசைக் கல்லு காஞ்சுக்கிட்டிருக்கு. அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமா நடக்காரு!"

சொன்னேன். அழாத குறையாகச் சொன்னேன். அவள் கேட்டாள்: "அந்தப் பையன்கிட்ட நீங்க என்னன்னு கேட்டீங்க?"

"பத்துமான்னு கேட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"பத்தும்னான்."

போனிலேயே தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு, "என்ட தெய்வமே!" என்றாள். "அது வேற பற்றும்ங்க! சார்ஜ் பண்ண முடியும்னு சொல்லியிருக்கான். போதும்னு எப்ப சொன்னான்? அதான் நான் வர்றேன்னு சொன்னேன்லா! வைங்க, நானே அவனக் கேக்கேன்."

அவள் மண்டபத்தில் நின்றபடி சிஜோவைக் கூப்பிட்டு, நாதஸ்வரச் சத்தத்தில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். வெலிங்டன் தீவுச் சாயாக்கடை முன்னால் நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். அவன் உரக்க, "பற்றும் சேச்சி! வண்டி பற்றும்!" என்று பதில் சொல்லியிருக்கிறான்.

பக்கத்து நாற்காலியில் மதுரைத் தாய்மாமன்.

'பத்தும்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் மூன்றாவதாக ஓர் அர்த்தம் உண்டு. நெருப்புப் பத்தும்.

"அய்யய்யோ! மாப்ள வண்டி பத்திக்கிருச்சாம்டா! பேட்டரி வண்டிடா, வெடிச்சுப்புடும்! வாங்கடா டேய்!" என்று கத்தியிருக்கிறார் அந்த மனுஷன். சுப்பு வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே ஓடியிருக்கிறாள். யார் கேட்டார்கள்? பந்திக்கு வைத்திருந்த தண்ணீர் கேன்களைத் தூக்கிக்கொண்டு, மதுரைக் கோஷ்டி முழுவதும் அவர்கள் வந்த வேனிலேயே ஏறிப் புறப்பட்டுவிட்டது.

நான் முழங்கை வரை மாவோடு நிற்கிறேன். எதிரே ஒரு வேன் கிறீச்சென்று வந்து நிற்கிறது. அதிலிருந்து பட்டும் மீசையுமாகப் பத்துப் பதினைந்து பேர் குதிக்கிறார்கள். வண்டியிலிருந்து வெள்ளையாக ஏதோ பொங்கி வழிவதைப் பார்த்ததும் தாய்மாமனுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

"மாப்ள, தள்ளிக்கங்க!"

"மாமா, வேண்டாம், மாவு..."

கேனைக் கவிழ்த்தார். முழுக் கேனையும் என் மேல் பாதி, டிரம்களில் பாதி என்று பாகுபாடு இல்லாமல் கவிழ்த்தார். பின்னால் வந்தவர் இன்னொரு கேனைக் கவிழ்த்தார். பிறகுதான் எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். புகை வாசனை வரவில்லை. புளிச்ச மாவு வாசனை வந்தது.

தாய்மாமன் டிரம்முக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மாவு, அவர் ஊற்றிய தண்ணீரில் மோர் மாதிரி ஆடியது. "இது... தோசை மாவா மாப்ள?" என்றார் மெல்லிய குரலில்.

"ஆமா."

"இன்னைக்கு ராத்திரிக்கா?"

"ஆமா."

அந்த மீசை இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

இதற்குள் வழியில் தடதடவென்று ஒரு பழகின சத்தம். கரும்புகை. மாமா. ஆலுவாவிலிருந்து வாழையிலையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு மண்டபத்தில் நின்ற டீசல் பெட்டி ஆட்டோவைத் தானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இறங்கினார். என்னைப் பார்த்தார். டிரம்களைப் பார்த்தார். பிறகு, கிரைண்டர் அங்கே இல்லாத காரணத்தால், எலக்ட்ரிக் வண்டியைப் பார்த்துப் பேசினார்.

"மூடிய இறுக்காதேன்னு சொன்னேனா இல்லியா? வெயில்ல நிறுத்தாதேன்னு சொன்னேனா இல்லியா? சில பேருக்குச் சொன்னா ஏறாது. ஒனக்குச் சார்ஜ் ஏறாத மாதிரி."

சொல்லிவிட்டு, மிச்சமிருந்த மாவை டீசல் வண்டிக்கு மாற்றினார். மதுரைக்காரர்கள் மாறி மாறிப் பயபக்தியோடு டிரம் தூக்கினார்கள். கடைசியில் எலக்ட்ரிக் வண்டியை டீசல் வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார். நான் அதற்குள் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போகிற டீசல் புகை முழுவதையும் குடித்துக்கொண்டே தேவரா வந்து சேர்ந்தேன். மாற்று எரிபொருளின் பயணம் அப்படி முடிந்தது. இக்கா கடை வாசலில் நின்று கையசைத்தார்.

அந்த மாவில் என்ன தோசை வரும்? புளிப்பு, தண்ணீர் இரண்டும் சேர்ந்து, கல்லில் ஊற்றினால் ஓடியது. மாமா தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு தானே கல்லின் முன்னால் நின்றார். வெங்காயத்தைப் போட்டார், மிளகாயைப் போட்டார், ஓட்டை ஓட்டையான ரவா தோசை மாதிரி மெலிதாக இழுத்தார். முகத்தில் ஈயாடவில்லை. முதல் தோசையை எடுத்து, வரிசையில் நின்றவர்களை எல்லாம் தாண்டி, நேராகத் தாய்மாமன் இலையில் வைத்தார்.

"தின்னுட்டுச் சொல்லுங்க சம்பந்தி."

மண்டபம் முழுக்கப் பார்த்தது. தாய்மாமன் ஒரு வாய் வைத்தார். மென்றார். கண்ணை லேசாகச் சுருக்கினார். புளிப்பு அப்படி. மாமாவைப் பார்த்தார். பிறகு, காலியாகக் கிடந்த தண்ணீர் கேன்களைப் பார்த்தார். தான் தண்ணீர் ஊற்றிய தோசையை எந்த வாயால் குறை சொல்வார்?

"அருமை" என்றார். "சம்பந்தி, எங்க மதுரையில இப்படி வராது."

அது பொய்யில்லை. எங்குமே வராது.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வியர்வை மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. நான் போய், "மாமா, மன்னிச்சிருங்க" என்றேன். அவர் தோசைக் கல்லைப் பார்த்து, "மாவு காத்திருக்காதுன்னு இன்னைக்காவது தெரிஞ்சா சரி" என்றார். கல் சுர்ரென்றது.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் மாமா கடை வயரிங்கை மாற்றினார், பெரிய கனெக்ஷன் வாங்கினார். பிறகு சுப்புவைக் கூட்டிக்கொண்டு போய் (என்னைக் கூப்பிடவில்லை) அதே சிஜோவிடம் எலக்ட்ரிக் பெட்டி ஆட்டோ ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டிலேயே சார்ஜ் போட்டு, கிட்டத்து ஊருக்குள் ஓட்டுகிறவனுக்கு அது தங்கமான வண்டிதான். தூரத்துக்கும் அவசரத்துக்கும் டீசல் கிழவன் இன்னும் வாசலில் நிற்கிறான். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். இதைத்தானே நானும் சொன்னேன்?

புது வண்டியின் நெற்றியில் பெயின்டரை வைத்து ஒரு பெயரும் எழுதினார் மாமா. மேலே மலையாளத்தில், கீழே தமிழில், ஒரே சொல்: பற்றும். 'முடியும்! நல்ல தன்னம்பிக்கையான பேரு' என்று மலையாளிகள் பாராட்டுகிறார்கள். சிக்னலில் எதிரே வருகிற தமிழ்நாட்டு லாரிக்காரர்கள் மட்டும் படித்துவிட்டு, கொஞ்சம் தள்ளியே நிறுத்துகிறார்கள்.

தினமும் காலையில் டிரம்களை ஏற்றி, மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டு, மாமா சாவியைத் திருகுவார். கிரைண்டரைப் பார்க்க மாட்டார். முப்பத்திரண்டு பல்லும் தெரிய, என்னை நேருக்கு நேராகப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பார்: "மருமவனே, தேவரா வரைக்கும் பத்துமா?"

நான் வாயைத் திறப்பதில்லை. உள்ளே திரும்பி, "சுப்பு!" என்று கூப்பிடுகிறேன்.